சிவப்புப் படகு

செப்டம்பர் 10, செவ்வாய்

மழை. துணியெல்லாம் அடுப்புக்கு மேலேயே காய்கிறது. ஹ்யூயியின் மழைக்கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. எடுத்துவிட வேண்டும் என்றும் தோன்றவில்லை, இருக்கட்டும் என்றும் தோன்றவில்லை. மார்ச்சில் அவரை அடக்கம் செய்ததிலிருந்து எல்லாமே எனக்கு இப்படித்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எழுத விட்டுப்போனது: சிவப்புப் படகு முதலாவதாக வந்தது. ஐந்து வாரமாக நான்தான் முதல்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பூசை முடிந்து பதினொன்றரைக்கு வீடு. ஆட்டுத்தொடை, உருளைக்கிழங்கு, டர்னிப், ஆப்பிள் பை. ஒரு மணிக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். பெரியவன் மலக்கிக்கு நாற்பத்தெட்டு. சின்னவன் யூனனுக்கு நாற்பத்திரண்டு. இரண்டு பேருக்கும் இன்னும் நான்தான் தட்டில் வைக்க வேண்டும்.

சாப்பிட்டதும் யூனன் பையிலிருந்து கேம் பெட்டியை எடுத்து டி.வி.யில் மாட்டினான். வாராவாரம் கொண்டுவருவான், திரும்ப எடுத்துக்கொண்டு போவான். என் கன்ட்ரோலர் மட்டும் இங்கேயே ரொட்டி டப்பாவின் மேல் இருக்கும். அது ஹ்யூயி எனக்கென்று வாங்கித் தந்தது. யாரையும் எடுத்துப் போக விடமாட்டேன்.

விளையாட்டு படகுப் பந்தயம். விரிகுடாவைச் சுற்றி மூன்று சுற்று. நான் சிவப்பு, யூனன் பச்சை. மற்ற படகுகளை மெஷினே ஓட்டிக்கொள்ளும். மஞ்சள் இவர்கள் அப்பா ஹ்யூயியுடையது. அதை யாரும் எடுப்பதில்லை.

மலக்கி விளையாடுவதில்லை. கண் வலிக்கிறதாம், இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். சோபாவுக்குப் பின்னால் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு இறப்பு அறிவிப்புகளை உரக்கப் படிப்பான்.

"கேளும்மா. கில்கார் ஊர் மேரி கானகன், தொண்ணூத்தியொண்ணு. அமைதியாப் போனாங்களாம்."

"அவளா? எழுபது வருஷமா அமைதியா இருந்து பாத்ததில்ல. பூ வேண்டாம்னு போட்டிருக்கா?"

"பூ வேண்டாம். வீட்டுக்கும் யாரும் வர வேண்டாம்."

"உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான்."

பந்தயம் தொடங்கினால் மட்டும் மலக்கி படிப்பதை நிறுத்திவிடுவான். அம்மாவுக்குக் கவனம் சிதறக் கூடாது என்று நினைக்கிறான்போல. நல்ல பிள்ளை.

மூன்றாவது சுற்றில் பாலத்தடியில் யூனனை முந்தினேன்.

"நீ மனுஷிதானா?" என்று கன்ட்ரோலரைத் தொடையில் போட்டான்.

"முப்பத்தோரு வருஷம் மீன் வெட்டின கைடா இது."

ஜெயித்ததில் சந்தோஷம் வந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் இதே படகு கரையில் முட்டி முட்டி நின்றது. பாத்திரம் கழுவப் போகிறேன் என்று பாதியில் எழுந்து போய்விடுவேன். அங்கே அவர்கள் பேச்சு கேட்கும், நான் இங்கே தொட்டியில் கையை விட்டுக்கொண்டு நிற்பேன். அதற்கு இது மேல். எனக்கு இப்போது சோபாவில் ஓர் இடம் இருக்கிறது.

செப்டம்பர் 18, புதன்

காலைப் பூசைக்குப் பிறகு பிலோமினா பிடித்துக்கொண்டாள். மீன் தொழிற்சாலையில் இருபது வருஷம் எனக்கு அடுத்த மேசையில் நின்றவள். அவளுடைய வாய்க்கு ஓய்வூதியம் கிடையாது.

"என்னடி டெலியா, முகத்தை இப்படிப் பலகை மாதிரி வச்சிருக்க. இன்னும் அழலையாமே நீ?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"எனக்கு நேரமில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா பந்தயத்துல ஜெயிக்கவே நேரம் சரியா இருக்கு."

என்ன பந்தயம் என்றாள். சொன்னேன். ஆறு வாரம் என்றதும் கண்ணை உருட்டினாள்.

"உன் பிள்ளைங்க முழிச்சுக்கிட்டுதான் ஆடுறாங்களா?"

"வந்து பாரு."

"நான் எதுக்கு வரணும், நீ வா. நவம்பர் ஒன்பது, முதியோர் தினம். மூணு ஊரும் நம்ம ஹாலுக்கு வருது. போன வருஷம் வளையம் எறிஞ்சோமில்ல, இந்த வருஷம் டி.வி. விளையாட்டாம். ஃபாதர் ஆள் தேடிக்கிட்டிருக்காரு. ஆர்டராவுல இருந்து ஒரு கிழவன் வர்றான், ரொம்பப் பெருமை அடிக்கிறானாம். பேரு குடுக்கட்டுமா, இல்ல வீரமெல்லாம் வீட்டுக்குள்ள மட்டுந்தானா?"

குடு என்றேன்.

படிவத்தை நானே நிரப்பினேன். அம்மா செத்து, ஐந்தாம் வகுப்போடு தம்பி தங்கைகளைப் பார்க்க என்னை நிறுத்தினார்கள். இருந்தாலும் என் படிவத்தில் ஓர் அடித்தல் கிடையாது. பிலோமினா கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். அவளுடையதில் மூன்று.

செப்டம்பர் 22, ஞாயிறு

முதல். யூனன் மூன்றாவது.

செப்டம்பர் 26, வியாழன்

லெட்டர்கென்னி ஆஸ்பத்திரி. கை விரல்களுக்கு. யூனன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட்டிப்போனான். டாக்டர் சின்னப் பெண். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையில் ஒன்றை வைத்து என்னவென்று கேட்டாள். பித்தான் என்றேன். கண்ணைத் திறந்தால் சாவி. அடுத்தது ஒன்றுமே வைக்கவில்லையே என்றேன். வைத்திருந்தாள், ஒரு பேப்பர் கிளிப்.

அப்புறம் ஊசியால் குத்தி நரம்பைச் சோதித்தாள். மீன், ஐஸ், குளிர்ந்த தண்ணீர், எத்தனை வருஷம் என்று கேட்டாள். சொன்னேன். நரம்பு எப்போதோ போய்விட்டதாம். அறுவை செய்தாலும் உணர்ச்சி திரும்பாதாம்.

"ஆனா நான் எல்லா ஞாயித்துக்கிழமையும் பந்தயத்துல ஜெயிக்கிறேனேம்மா" என்றேன். எந்த விரலால் என்று கேட்டாள். காட்டினேன்.

"அப்படியா? நல்லதுதான்" என்றாள். பிறகு யூனனைப் பார்த்தாள். யூனன் சுவரில் ஒட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டருக்குத் தெரியாதது எத்தனையோ இருக்கும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

முதல். அதற்கப்புறம்தான் ஹால் விஷயத்தைச் சொன்னேன். கேட்ட உடனே இரண்டு பேரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன்.

மலக்கி செய்தித்தாளை மடித்தான். விரித்தான். திரும்ப மடித்தான்.

"ஹால்ல குளிரும்மா. ஹீட்டர் ஒண்ணுதான் ஓடும்."

"கோட்டு போட்டுக்கிறேன்."

"சோபா இருக்காது. பிளாஸ்டிக் நாற்காலி."

"பூசையில பலகையிலதானே உக்கார்றேன்."

"வீட்டுல ஆடுறது வேறம்மா" என்றான் யூனன். "வெளிய போயி ஆடுறது வேற."

"எப்படி வேற? படகு அதேதானே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிரியார் வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டு வந்த அன்றைக்கும் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். அம்மா தோற்றால் ஊர் பேசுமே என்ற பயமாக இருக்கும். கடைசியில் மலக்கிதான் சொன்னான், சரி, ஹாலுக்கு நம்ம பெட்டியையே கொண்டுபோகலாம், அம்மாவுக்குப் பழகினதாக இருக்கும் என்று. யூனன் அதற்குள் பெட்டியைக் கழற்றிப் பையில் வைக்க ஆரம்பித்திருந்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

முதல்.

இன்று மலக்கியின் தலையைப் பின்னாலிருந்து பார்த்தேன். உச்சியில் முடி இல்லை. இந்தத் தலையைத்தானே டி.வி.க்கு முன்னாலிருந்து நகர்த்த முடியாமல் தவித்தேன்?

அவனுடைய பன்னிரண்டு வயதில் ஹ்யூயியின் அண்ணன் கிளாஸ்கோவிலிருந்து அந்த முதல் பெட்டியைக் கொண்டுவந்தார். மலக்கிக்குச் சோறு வேண்டாம், பந்து வேண்டாம், ஆள் வேண்டாம். அந்தத் தெருவிலேயே அவனைத் தோற்கடிக்க ஆள் கிடையாது. பதினேழில் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு ஆடினான். தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவேன். இருபத்தைந்தில் பாஸ்டனில் கட்டட வேலை. அங்கிருந்தபடியே இங்கிருக்கும் யூனனோடு ஆடுவான். அதில்தான் பேசிக்கொள்வார்கள், எனக்குப் போன் வராது. "அண்ணன் எப்படிடா இருக்கான்?" என்று கேட்டால் "நல்லா சுடுறான்" என்பான் யூனன். கல்யாணம் ஆகி, ஊருக்குத் திரும்பி, குழந்தை பிறந்ததும், அதை மார்மேல் படுக்கவைத்துக்கொண்டு சத்தமில்லாத விளையாட்டாகப் பார்த்து ஆடினான். நாற்பதில் போனில் சீட்டு அடுக்கினான், அதுவும் கழிப்பறையில். இப்போது அதுவும் இல்லை. இறப்பு அறிவிப்பு.

யூனன் வேறு மாதிரி. ஒவ்வொரு மாதமும் ஒரு புது விளையாட்டு வாங்குகிறான், ஒன்றையும் திறப்பதில்லை. ஓய்வு பெற்றதும் ஆடுவானாம்.

சின்னவன் அப்போது எவ்வளவு ஆசைப்பட்டான். ஆறு வயது. எனக்கும், எனக்கும் என்று அழுவான், மலக்கி அடிப்பான். பத்து மணி நேரம் ஐஸில் நின்றுவிட்டு வந்தால் வீட்டில் இந்தக் கச்சேரி. ஒருநாள் நான்தான் மலக்கியிடம் சொன்னேன் — இன்னொரு கன்ட்ரோலரின் வயரை மாட்டாமல் சோபாவுக்குப் பின்னால் விட்டுவிட்டு அவன் கையில் குடு, அவனுக்கென்ன தெரியப்போகிறது. மெஷின் தானாக ஓட்டும் நீலக் காரைக் காட்டி "அதுதான் நீ" என்று சொல்லிவிட்டான் மலக்கி. அன்றிலிருந்து வீடு அமைதி. நீலக் கார் முன்னால் போனால் யூனன் சோபாவில் குதிப்பான். இரண்டு வருஷம் அப்படி ஆடினான். எட்டு வயதில் ஒருநாள் அவனே கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனான். வயர் முனையைப் பார்த்துவிட்டான்போல. அழவில்லை. கோழிக்கூட்டை மூடினேனா என்று பார்க்கப் போனான்.

இதை எதற்கு இன்றைக்கு எழுதுகிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

முதல். ஆனால் ஆப்பிள் பை அடிப்பிடித்தது.

இன்று ஹ்யூயிக்குப் பிறந்தநாள். எழுபத்தொன்பது ஆகியிருக்கும். நாற்பது வருஷம் படகு ஓட்டியவர் இந்த விளையாட்டில் ஒரு தடவையும் ஜெயித்ததில்லை. வலப்பக்கத்திலிருந்து எந்தப் படகு வந்தாலும் நிறுத்தி வழிவிடுவார். "அப்பா, இது பந்தயம்!" என்று யூனன் கத்துவான். "கடல்ல வலப்பக்கம் வர்றவனுக்குத்தான்டா வழி. இவனுங்க எங்க படிச்சானுங்க?" என்பார். கடைசியாக வருவார். வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

கல்லறைக்குப் போனேன். பூவை வைத்தேன். பக்கத்துக் கல்லறையில் பாசி பிடித்திருந்தது, அதைச் சுரண்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மலக்கியின் மகள் ப்ரோனா வந்திருந்தாள். பதினாறு வயது, கணக்கில் மாவட்டத்தில் மூன்றாவது. என் பேத்தி. பிலோமினாவின் பேரன் எத்தனையாவது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நாள் பூராவும் போனில் எவனோ விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஆடலியாடி?"

"நான் ஆடுறதில்ல பாட்டி. பாப்பேன்."

"அடுத்தவன் ஆடுறதைப் பாத்து உனக்கு என்ன வருது?"

"நீ ஞாயித்துக்கிழமை கால்பந்து பாக்கலயா? ஓடிப்போயி உதைக்கவா செய்யுற?"

கணக்குப் படித்த பெண். பந்தயம் நடக்கும்போது ஒரு தடவை பின்னால் திரும்பி அவள் அப்பனைப் பார்த்துச் சிரித்தாள். மலக்கி முறைத்தான்.

முதல்.

அக்டோபர் 27, ஞாயிறு

முதல். கடிகாரம் ஒரு மணி பின்னால் வைத்தாயிற்று. நான்கு மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும் இனி.

நவம்பர் 1, வெள்ளி

சகல புனிதர்கள் திருநாள். இறந்தவர்கள் பெயர் எழுதும் உறையை ஃபாதரிடம் கொடுத்தேன். இந்த வருஷம் முதல் பெயர் ஹ்யூயி. அவர் அம்மாவுக்கு மேலே எழுதினேன்.

வீட்டுக்கு வந்தால், திருஇருதயப் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்துபோனது. வேறு மாதமாக இருந்தால் பரவாயில்லை, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் நவம்பரில் அது அணையக் கூடாது, அதுவும் இந்த நவம்பரில். வெளியே காற்று கூரையைப் பிய்க்கிறது. கடைக்குப் போக முடியாது. டி.வி. ரிமோட்டைத் திறந்தேன், அதில் இருப்பது சின்ன அளவு. ரொட்டி டப்பாவின் மேல் கன்ட்ரோலர் இருந்தது. அதில் இரண்டு, சரியான அளவு. மூடியைக் கழற்றவே கால் மணி ஆனது, விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் அமுக்க வேண்டியிருந்தது. எடுத்து விளக்கில் போட்டேன். எரிகிறது.

நவம்பர் 3, ஞாயிறு

முதலாவதாக வந்தேன்.

டீ குடித்துவிட்டு நான்கரைக்குக் கிளம்பினார்கள். மலக்கி நெற்றியில் முத்தம் கொடுத்தான். "இன்னைக்குத் திருப்பத்துல பின்னிட்டம்மா" என்றான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழம்புச் சட்டியைத் துடைத்து மேலே வைக்க நிமிர்ந்தபோது விளக்கு கண்ணில் பட்டது. சிவப்பாக, அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

சட்டியை வைத்தேன். கையைத் துடைத்தேன். கன்ட்ரோலரை எடுத்து மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு வெற்றுப் பள்ளம்.

கனம் குறைந்திருக்க வேண்டும். மற்றவர்கள் கைக்குத் தெரிந்திருக்கும். படகு மோதினால் கையில் அதிருமாம், யூனன் சொல்வான். எனக்கு அது எப்போதும் தெரிந்ததில்லை.

மலக்கியின் செய்தித்தாள். அது மேசையில் கூடாரம் மாதிரி நிற்கும், இரண்டு கையும் அதற்கு அடியில். பந்தயம் தொடங்கினால் படிப்பு நின்றுவிடும்.

மூடியைப் போட்டேன். திரும்ப ரொட்டி டப்பாவின் மேல் வைத்தேன். மீதிப் பாத்திரத்தைக் கழுவினேன்.

நவம்பர் 4, திங்கள்

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் இல்லை. ஒரு ரொட்டி சுட்டேன்.

நவம்பர் 6, புதன்

யாரிடமெல்லாம் சொன்னேன்? பிலோமினாவிடம். ஃபாதரிடம். இறைச்சிக் கடைக்காரரிடம். டாக்டரிடம், விரலைக் காட்டி. அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள்? ஏன்டா இப்படிப் பண்ணீங்க. நான் என்ன ஆறு வயசுப் பையனா. சொல்லித் தொலைச்சிருக்கலாமே — அம்மா, உனக்கு வரல, விட்டுருன்னு.

சொல்லியிருந்தால்? தொட்டி, பாத்திரம், சோபாவில் அவர்கள் பேச்சு.

பெயரை எடுத்துவிடலாமா? எடுத்தால் பிலோமினா ஈஸ்டர் வரைக்கும் பேசுவாள். எடுக்காவிட்டால் மலக்கி ஹாலுக்கும் செய்தித்தாளோடு வருவான். அதற்குத்தான் நம்ம பெட்டி. மூன்று ஊர்க் கிழடுகளையும் ஏமாற்றி எனக்கு ஒரு கோப்பை வாங்கித் தருவான்.

நவம்பர் 8, வெள்ளி

மலக்கி போன். "அம்மா, புயல் எச்சரிக்கை போட்டிருக்கான். நாளைக்குப் போகணுமா?"

"எச்சரிக்கை மஞ்சளா, ஆரஞ்சா?"

"மஞ்சள்."

"மஞ்சளுக்கெல்லாம் உங்கப்பா கடலுக்கே போவாரு. நான் ஹாலுக்குத்தானே போறேன்."

"சரிம்மா. நான் பின்னால உக்காந்திருக்கேன்."

"தெரியும்" என்றேன்.

நவம்பர் 9, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஹாலில் எழுபது பேர் இருப்பார்கள். மேடையில் பெரிய திரை, கீழே நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. ஆர்டராக் கிழவர் பெயர் கோன், டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். யூனன் பெட்டியை மாட்டினான், என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கன்ட்ரோலரைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன், வெறும் ஓடு. ஃபாதர் மைக்கில் என் பெயரைச் சொன்னார், பதிமூன்று வாரமாகத் தோற்காதவர் என்று. கை தட்டினார்கள். பிலோமினா விசிலே அடித்தாள்.

நான் நாற்காலிக்குப் போகவில்லை. நடுவழியாகப் பின்னால் நடந்தேன். கடைசி வரிசையில் மலக்கி, தொடைமேல் செய்தித்தாள்.

"இன்னைக்கு யாருடா செத்தாங்க?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் பேப்பர் எதுக்கு?"

கையை நீட்டினேன். அவன் காது சிவந்தது, பன்னிரண்டு வயதில் சிவக்குமே, அதே மாதிரி. செய்தித்தாளுக்கு அடியிலிருந்து தன் கன்ட்ரோலரை எடுத்து என் கையில் வைத்தான். வெகுநேரமாகப் பிடித்துக்கொண்டிருந்திருப்பான், சூடாக இருந்திருக்கும். என் கைக்குத் தெரியவில்லை. என்னுடையதை அவன் மடியில் வைத்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

சிவப்புப் படகு கிளம்பியது. நேராகப் போய் மீன்பிடித் துறையின் சுவரில் முட்டியது. கட்டைவிரலைப் பார்த்தால் திரை தெரியவில்லை, திரையைப் பார்த்தால் கட்டைவிரல் எங்கே என்று தெரியவில்லை. பின்னால் எடுத்தேன். திரும்ப அதே சுவர். கோன் மூன்று சுற்றையும் முடித்தபோது நான் முதல் சுற்றில் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஹாலே சத்தமில்லாமல் இருந்தது. நேரம் முடிந்தது என்று திரை சொல்லும் வரைக்கும் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

பிலோமினாதான் முதலில் வாயைத் திறந்தாள். "டெலியா, உன்னை ஓட்டத்தானேடி சொன்னாங்க. நீ நங்கூரம் போட்டுட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். பரவாயில்லை, சத்தமில்லாததற்கு அது மேல். அப்புறம் ஹாம் சாண்ட்விச் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையைப் பார்த்தாள். தன் கையையும் பக்கத்தில் வைத்தாள். அதே மாதிரி வீங்கின கணுக்கள். "எனக்கும் மூணு வருஷமா" என்றாள். "ஜெபமாலை மணி நழுவுது. எண்ணாமலே சொல்லிட்டிருக்கேன். ஃபாதர்கிட்ட சொல்லிடாதே."

மலக்கி போய்விட்டிருந்தான். யூனன்தான் காரில் கொண்டுவந்து விட்டான். வைப்பர் விடாமல் ஓடியது.

"யாரு யோசனை?" என்று கேட்டேன்.

"மலக்கி. ஜூன்ல நீ எந்திரிச்சு எந்திரிச்சு அடுப்படிக்குப் போக ஆரம்பிச்சியே, அப்ப. எனக்குப் பிடிக்கலம்மா, சொன்னேன். ஆனா நீ திரும்ப வந்து உக்காந்துட்ட."

"உனக்குப் பிடிக்காதுதான். எட்டு வயசுல நீ அந்த வயரைப் பாத்தப்ப —"

"எட்டு வயசா? யாரு சொன்னா?"

"அன்னைக்குத்தானே கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போன?"

"எட்டு வயசுல சலிச்சுப்போச்சு, எந்திரிச்சேன். முதல் வாரமே தெரியும்மா எனக்கு. மூக்கைச் சொறியக் கையை எடுத்தேன். நீலக் காரு அதுபாட்டுக்குத் திரும்புது."

லாரி ஒன்று எதிரே வந்தது. ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

"அப்புறம் ரெண்டு வருஷம் என்னத்துக்குடா அமுக்கிக்கிட்டு இருந்த?"

"சொல்லியிருந்தா எந்திரிச்சுப் போகச் சொல்லியிருப்பீங்களே."

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டான். நாற்பத்திரண்டு வருஷத்தில் அவன் இப்படிக் கேட்டதில்லை.

"ஒரு மணிக்கு. ஆட்டுத்தொடை" என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு பேரும் வந்தார்கள். சாப்பிட்டோம். மலக்கி டர்னிப்பைப் பற்றி மட்டும் பேசினான். சாப்பிட்டதும் யூனன் பெட்டியை மாட்டாமல் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் போய் சோபாவில் என் இடத்தில் உட்கார்ந்தேன். மலக்கி நேற்று எடுத்துப்போயிருந்த என் கன்ட்ரோலரைக் கொண்டுவந்து ரொட்டி டப்பாவின் மேல் வைத்திருந்தான். எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். பேட்டரி போடவில்லை. அது விளக்கில் இருக்கிறது. புதன்கிழமை கடைக்குப் போனபோது வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

"மாட்டுடா" என்றேன். யூனன் மாட்டினான்.

மலக்கி பழக்கத்தில் மேசைக்குப் போய்ச் செய்தித்தாளை எடுத்தான்.

"அங்க இருந்து உனக்கு டி.வி. சரியாத் தெரியாது" என்றேன், திரும்பிப் பார்க்காமல். "கண்ணு வேற வலிக்குது உனக்கு. இங்க வா."

வந்தான். ஹ்யூயி உட்காரும் முனையில் உட்கார்ந்தான். கோட்டுப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துத் தொடைமேல் வைத்தான். மேலே ஒன்றும் மூடவில்லை.

கிளம்பினோம். இரண்டாவது சுற்றில் சொன்னேன், "பாலத்துக்கிட்ட இடது பக்கம் போ. வலது பக்கம் நீரோட்டம் இழுக்கும்னு அப்பா சொல்வாரு."

"அம்மா, இது கேமு. இதுல நீரோட்டம் கிடையாது."

"போடான்னா போ."

இடது பக்கம் போனான். என் கட்டைவிரல்களும் இடது பக்கம் அமுக்கின. மூன்றாவது சுற்றில் முன்னால் நாங்கள்தான். அப்போது வலப்பக்கத்திலிருந்து மெஷின் ஓட்டும் வெள்ளைப் படகு ஒன்று குறுக்கே வந்தது.

"மலக்கி. வழி விடு."

அவன் என்னைப் பார்த்தான். யூனன் தன் பச்சைப் படகை அப்படியே விட்டுவிட்டு எங்களைப் பார்த்தான். மலக்கி நிறுத்தினான். வெள்ளை போனது. அதன் பின்னால் இன்னும் மூன்று வந்தன, அவற்றுக்கும் விட்டோம்.

கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த நேரத்திலும் ஒரு கை அமுக்கிக்கொண்டுதான் இருந்தது.

ஐந்தாவதாக வந்தோம்.